இது யார் காசு?

எதிர் ஃப்ளாட் சார் மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ரிடையரானவர். முப்பது வருஷத்துக்கு மேல் மற்றவர்கள் போட்ட கணக்கில் தப்பு கண்டுபிடித்தவர். கீரைக்காரம்மா கொடுக்கும் மீதிச் சில்லறையை இரண்டு தடவை எண்ணுவார். 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று போர்டு பார்த்தால் எதிர்ப் பக்க பிளாட்பாரத்துக்குப் போய்விடுவார். அப்படிப்பட்டவர் 2024 கோடையில் ஒரு நாள் கையில் பிரிண்ட் அவுட்டோடு என் வீட்டு வாசலில் நின்றார். முகம் சரியில்லை.

"நான் எந்தக் காலத்துல சார் விளம்பரத்தைப் பார்த்து ஒரு பொருள் வாங்கியிருக்கேன்? இது செய்தி சார். நீங்களே படிச்சுப் பாருங்க."

படித்தேன். எங்கள் பகுதிக்கென்றே நடக்கும் ஓர் இணையச் செய்தித்தளத்தில் வந்த கட்டுரை. பெயர் வேண்டாம். உங்கள் பகுதியிலும் இப்படி ஒன்று இருக்கும், அதற்கும் இது பொருந்தும். செங்கல்பட்டு பக்கம் வளர்ந்துவரும் ஒரு மனைப்பிரிவைப் பற்றி எண்ணூறு வார்த்தைகள். 'இயற்கை எழில் கொஞ்சும்' என்று ஆரம்பம். 'ரயில் நிலையத்திலிருந்து பத்தே நிமிடம்' என்று ஒரு வரி. எதில் பத்து நிமிடம் என்று போடவில்லை. ஹெலிகாப்டராக இருக்கலாம். 'மக்கள் மத்தியில் பெரும் வரவேற்பு', 'நடுத்தரக் குடும்பங்களின் கனவு', கடைசிப் பாராவில் ஒரு செல்போன் நம்பர். எழுதியவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'டெஸ்க்'. அதற்கும் கீழே, சாம்பல் நிறத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி இரண்டு வார்த்தை: 'பார்ட்னர் கன்டென்ட்'.

சார் மூன்று லட்சம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். பத்திரம் பதியப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. லேஅவுட்டுக்கு டி.டி.சி.பி. அப்ரூவல் கிடையாது. அங்கீகாரமில்லாத மனையைப் பதிய முடியாது என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மனை விற்றவருக்கு போன் செய்தால், "நாங்களா சார் சொன்னோம்? பத்திரிகைக்காரங்கதான் எழுதினாங்க" என்றாராம். பத்திரிகைக்கு போன் செய்தால், "அது நாங்க எழுதினது இல்ல சார், பார்ட்னர் கன்டென்ட். கீழ போட்டிருக்கோமே, பாக்கலையா?" என்றார்களாம்.

கவனியுங்கள். விற்றவனைக் கேட்டால் அது செய்தி. வெளியிட்டவனைக் கேட்டால் அது விளம்பரம். படித்தவருக்கு மட்டும் அது மூன்று லட்சம்.

*

இந்த வகை எழுத்தை ஓர் இலக்கிய வடிவமாகவே எடுத்துக்கொண்டு விமரிசனம் செய்யலாம் என்று கொஞ்ச நாளாகவே எனக்கு ஆசை. சிறுகதைக்கு இலக்கணம் சொல்கிறார்கள், வெண்பாவுக்கு இருக்கிறது, இதற்கு மட்டும் ஏன் இருக்கக்கூடாது? பொழுதுபோகாமல் பத்திருபது கட்டுரைகளைச் சேர்த்துவைத்துப் படித்தேன். மருத்துவமனை, நகைக்கடை, தனியார் பள்ளி, மனை. நாலே பாத்திரங்கள்தான்.

முதல் இலக்கணம், இந்தக் கட்டுரைகளில் யாரும் 'இல்லை' என்று சொல்வதில்லை. ஒரு நிஜமான செய்தியில் எங்கேயாவது ஒருத்தர் முறைத்துக்கொண்டிருப்பார். தெருவிளக்கு போட்ட செய்தியிலேயே 'எங்க வீட்டு முன்னாடி மட்டும் போடலை' என்று ஒரு அம்மா வருவார். இதில் எல்லோரும் ஒரே கல்யாண வரவேற்பில் நிற்பதுபோல் சிரிக்கிறார்கள்.

இரண்டாவது, சங்கடமான எண்கள் வருவதில்லை. படுக்கைகள் எத்தனை என்று வரும், ஒரு நாள் வாடகை எவ்வளவு என்று வராது. நூறு சதவிகிதத் தேர்ச்சி வரும், ஒன்பதாம் வகுப்போடு எத்தனை பேருக்கு டி.சி. கொடுத்து அனுப்பினார்கள் என்பது வராது.

மூன்றாவதுதான் முக்கியம். நடை. இவை விளம்பரம் மாதிரி எழுதப்படுவதில்லை. விளம்பரம் கத்தும். இது கிசுகிசுக்கும். 'நாம் அண்மையில் நேரில் சென்று பார்த்தபோது' என்று நிருபர் நடை நடக்கும். 'இதுகுறித்து நிர்வாக இயக்குநரிடம் கேட்டோம்' என்று பேட்டி எடுக்கும். செய்தியின் சட்டையைப் போட்டுக்கொண்டு, செய்தியின் செருப்பையும் போட்டுக்கொண்டு வரும். சட்டை நன்றாகப் பொருந்துவதற்குத்தான் காசு. யாராவது 'இது விளம்பரமாச்சே' என்று உடனே கண்டுபிடித்துவிட்டால், அந்தக் கட்டுரை அதன் இலக்கணப்படி தோல்வி. நன்றாக எழுதப்படுவது என்பதும் நன்றாக ஏமாற்றுவது என்பதும் ஒன்றாகிப்போன இலக்கிய வடிவம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

*

"இதெல்லாம் இன்டர்நெட் வந்த பிறகு கெட்டுப்போச்சு" என்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவில் 1912-லேயே இதற்குச் சட்டம் போட்டுவிட்டார்கள். சலுகைக் கட்டணத்தில் தபாலில் போகும் பத்திரிகைகள், காசு வாங்கிக்கொண்டு போடும் எதன் மேலும் 'விளம்பரம்' என்று தெளிவாக அச்சிட்டாகவேண்டும். பத்திரிகைகள் கோர்ட்டுக்குப் போயின. 1913-ல் சுப்ரீம் கோர்ட் சட்டம் செல்லும் என்றது. ஆக, வியாதிக்கு வயது நூறுக்கு மேல்.

நம் ஊர்க் கதையும் பழசுதான். ப்ரெஸ் மீட் முடிந்ததும் கை மாறும் கவர் பற்றிப் பத்திரிகைக்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அது சில்லறை வியாபாரம். மொத்த வியாபாரம் 2003-ல் தொடங்கியது. டைம்ஸ் ஆஃப் இந்தியாவை நடத்தும் நிறுவனம் 'மீடியாநெட்' என்ற பிரிவைத் தொடங்கி, இணைப்பிதழ்களில் செய்தி இடத்தையே ரேட் போட்டு விற்க ஆரம்பித்தது. 2009 மகாராஷ்டிர சட்டசபைத் தேர்தலில் இது அடுத்த கட்டத்துக்குப் போனது. ஒரே புகழ்ச்சிக் கட்டுரை, கமா மாறாமல், போட்டிப் பத்திரிகைகளில் வந்ததை 'தி ஹிந்து'வில் பி. சாய்நாத் எடுத்துப் போட்டார். 'பெய்ட் நியூஸ்' என்ற வார்த்தை நாடெங்கும் பரவியது. பிரஸ் கவுன்சில் இருவர் குழு போட்டது. பரஞ்ஜய் குஹா தாகுர்தாவும் கே. ஸ்ரீநிவாஸ் ரெட்டியும் பத்திரிகைகளின் பெயர்களோடு விரிவான அறிக்கை கொடுத்தார்கள். கவுன்சில் 2010-ல் அதைச் சுருக்கி வெளியிட்டது. முழு அறிக்கை வெளியே வர, 2011-ல் தகவல் ஆணையம் உத்தரவிட வேண்டியிருந்தது. மற்றவர்களின் ஒளிவுமறைவை விசாரித்த அறிக்கையையே ஒளித்துவைத்த பெருமை நமக்கு உண்டு.

ஆனால் என்னை மிகவும் தொந்தரவு செய்த உதாரணம் தேர்தல் இல்லை, பருத்தி. 2008 அக்டோபரில் டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் நாக்பூர் பதிப்பில் ஒரு முழுப் பக்கச் செய்தி. யவத்மால் மாவட்டத்தில் இரண்டு கிராமங்கள் பி.டி. பருத்தியால் செழிக்கின்றன, அங்கே ஒரு விவசாயிகூடத் தற்கொலை செய்துகொள்ளவில்லை என்றது. நிருபர்களின் பயணத்தை ஏற்பாடு செய்தது விதைக் கம்பெனி என்று பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. 2011 ஆகஸ்டில் அதே பக்கம் மீண்டும் வந்தது, இம்முறை கம்பெனியின் விளம்பரமாக. 2008-ல் செய்தி, 2011-ல் விளம்பரம், உள்ளே இருந்த சங்கதி ஒன்றே. 2012-ல் பாராளுமன்ற நிலைக்குழு அந்தப் பக்கம் போனபோது, அதில் ஒரு கிராமத்துக்காரர்கள் தங்கள் ஊரில் நடந்த தற்கொலைகளை எண்ணிச் சொன்னார்கள். பதினான்கு.

தற்கொலைக்குப் பருத்திதான் காரணமா, கடனா, மழையா என்பது வேறு விவாதம். நான் கேட்பது சின்னக் கேள்வி. ஒரு செய்தியை எழுத்து மாற்றாமல் விளம்பரமாகப் போட முடிகிறது என்றால், முதல் தடவை வந்தபோது அது என்னவாக இருந்தது?

*

சரி, சட்டம் இல்லையா? இருக்கிறது. இங்கேதான் எதிர் ஃப்ளாட் சார் விஷயத்தில் எனக்கே தெரியாத ஒன்றை ஒரு வக்கீல் சொல்லிக்கொடுத்தார்.

2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பேச்சு வழக்கில் ரெரா, மனை விற்பவருக்கு ஒரு கட்டளை போடுகிறது. விளம்பரம் என்று எதைக் கொடுத்தாலும் அதில் ரெரா பதிவு எண்ணையும் ஆணையத்தின் இணைய முகவரியையும் பளிச்சென்று போடவேண்டும். இன்னொரு பிரிவு, விளம்பரத்தில் சொன்ன பொய்யை நம்பி அட்வான்ஸ் கொடுத்து நஷ்டப்பட்டவருக்கு விற்றவர் ஈடு கட்டவேண்டும் என்கிறது. நல்ல சட்டம்.

வக்கீல் கேட்டார்: "சரி சார், விளம்பரம் எங்கே? பிட் நோட்டீஸ் ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

சார் பிரிண்ட் அவுட்டை நீட்டினார்.

"இது செய்தி மாதிரில்ல இருக்கு? இதை நான் குடுக்கவே இல்லைம்பான் அவன். குடுத்தான்னு நாம நிரூபிக்கணும். எத்தனை வருஷம் ஆகும்னு கேக்காதீங்க."

புரிகிறதா? செய்தி வேஷம் வாசகனை மயக்க மட்டும் இல்லை. விளம்பரமாக வந்திருந்தால் பதிவு எண் கேட்டிருப்பார்கள். எண் கிடையாது. அதனால் செய்தியாக வந்தது. அரைப் பக்க விளம்பரம் நேர்மையாகப் போட்டிருந்தால் சார் முதலில் தேடியிருக்கக்கூடியது அந்த எண்ணைத்தான். தேடாததற்கு அவர் சொன்ன காரணம் என் மனதில் அப்படியே இருக்கிறது: "செய்தில யாராவது நம்பர் தேடுவாங்களா சார்?"

மருந்துக் கதையும் இதே. 1954-ஆம் வருஷத்துச் சட்டம் சர்க்கரை நோய் உட்பட ஒரு பட்டியல் வியாதிகளுக்கு, குணப்படுத்துகிறேன் என்று விளம்பரம் செய்வதையே தடுக்கிறது. 'சர்க்கரையை வென்ற வைத்தியர்: ஒரு நேரடி ரிப்போர்ட்' என்று தலைப்பு வைத்தால்? ரிப்போர்ட்தானே!

பிரஸ் கவுன்சிலுக்கு அச்சுப் பத்திரிகைகளும் செய்தி நிறுவனங்களும்தான் எல்லை. 1978-ஆம் வருஷத்துச் சட்டம், அன்றைக்கு வெப்சைட் ஏது? அதற்கும் அபராதம் போடும் அதிகாரம் கிடையாது, கண்டிக்கலாம். நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தவறான விளம்பரத்துக்குப் பத்து லட்சம் வரை, மறுபடி செய்தால் ஐம்பது லட்சம் வரை அபராதம் போடலாம். அதன் 2022 வழிகாட்டுதலில் ஒரு நல்ல விதி, விளம்பரம் எந்த மொழியில் பேசுகிறதோ பொறுப்புத் துறப்பும் அதே மொழியில் இருக்கவேண்டும். இதைப் படித்ததும் எனக்கு 'பார்ட்னர் கன்டென்ட்' ஞாபகம் வந்தது. எண்ணூறு வார்த்தை தேன் சொட்டும் தமிழில் எழுதியவர்களுக்கு இந்த இரண்டு வார்த்தைக்கு மட்டும் தமிழ் கிடைக்கவில்லை. 'பிராண்ட் ஸ்டோரி' என்கிறார்கள், 'இம்பாக்ட் ஃபீச்சர்' என்கிறார்கள், 'ஸ்பான்ஸர்ட்' என்கிறார்கள். டீக்கடையில் பேப்பர் புரட்டும் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வார்த்தை இருக்கிறது. விளம்பரம். அதைத் தவிர அகராதியில் உள்ள எல்லாவற்றையும் போடுவார்கள். காரணம் எளிது. அது புரிந்துவிடும்.

புரிவதில்லை என்பதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 2016-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் நடுநிலைப்பள்ளி மாணவர்களிடம் ஒரு இணையப் பக்கத்தைக் காட்டினார்கள். 'ஸ்பான்ஸர்ட் கன்டென்ட்' என்று எழுதியே இருந்தது. எண்பது சதவிகிதத்துக்கு மேற்பட்டவர்கள் அதை நிஜச் செய்தி என்றார்கள். பசங்கதானே என்று சிரிக்காதீர்கள். அதே வருஷம் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வில் பெரியவர்களைச் சோதித்தார்கள். இவ்வகைக் கட்டுரையை விளம்பரம் என்று கண்டுபிடித்தவர்கள் எட்டு சதவிகிதத்துக்கும் குறைவு. எதிர் ஃப்ளாட் சார் மெஜாரிட்டியோடுதான் இருக்கிறார்.

*

இப்போது எதிர்த்தரப்பு. அந்தச் செய்தித்தளத்தை நடத்துபவரை எனக்குத் தெரியும். திருடர் இல்லை. இரண்டு பேரை வைத்துக்கொண்டு, வாடகை ஆபீஸில், ராத்திரி பதினொரு மணிவரை உட்கார்ந்திருப்பவர். போய்ப் பார்த்தேன்.

"சார், நீங்க எங்க சைட்டுக்கு இதுவரைக்கும் ஒரு ரூபா குடுத்திருக்கீங்களா?" என்றார்.

கொடுத்ததில்லை. நீங்கள்? நானும் நீங்களும் காபிக்குக் கொடுப்போம், செய்திக்குக் கொடுக்கமாட்டோம். யாராவது கொடுக்கத்தானே வேண்டும்? ஒரு ஊர்ப் பத்திரிகைக்கு விளம்பரம் தரக்கூடியவர்கள் அதே நாலு பாத்திரங்கள்: மருத்துவமனை, நகைக்கடை, பள்ளி, மனை. அந்த ஊரில் விசாரித்து எழுதவேண்டிய செய்தி யாரைப் பற்றி? அதே நாலு பேர். தேசியப் பத்திரிகை ஒரு விளம்பரதாரரைப் பகைத்துக்கொண்டால் இன்னொருவர் வருவார். இவர் ஒருவரைப் பகைத்துக்கொண்டால் நிருபருக்கு அடுத்த மாதச் சம்பளம் இல்லை. பல ஊர்களில் காலையில் செய்தி சேகரிக்கும் அதே ஆள்தான் சாயங்காலம் கமிஷனுக்கு விளம்பரம் பிடிக்கிறார். அதே கடை வாசல், அதே பைக்.

இதில் நியாயம் இருக்கிறது. நான் மறுக்கவில்லை. காசு வாங்கிக் கட்டுரை போடுவது பாவம் என்றும் நான் சொல்லவில்லை. விளம்பரம் கௌரவமான தொழில். அவரிடம் கேட்டது ஒன்றுதான்: "சாம்பல் கலர்ல, இங்கிலீஷ்ல, கடைசில ஏன்? சிவப்புல, தமிழ்ல, தலைப்புக்கு மேல 'விளம்பரம்'னு போட்டா என்ன?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார், "போட்டா பாதி ரேட்தான் சார் குடுப்பாங்க."

அந்த மீதிப் பாதி ரேட் எதற்கு என்று யோசித்துப் பாருங்கள். இடத்துக்கான விலை முதல் பாதியிலேயே வந்துவிட்டது. மீதிப் பாதி எதிர் ஃப்ளாட் சாருக்கு அந்தத் தளத்தின் மேல் இருந்த நம்பிக்கைக்கு. அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலில் எங்கள் பகுதி மூழ்கிக் கிடந்தபோது எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர், எங்கே படகு வருகிறது, எந்தக் கடையில் பால் கிடைக்கும் என்று அந்த இரண்டு பேரும் தூங்காமல் போட்டுக்கொண்டிருந்தார்கள். சாரின் மனைவிக்கு இன்சுலின் கிடைத்தது அதைப் பார்த்துத்தான். இடுப்பளவு தண்ணீரில் நின்று சம்பாதித்த சொத்து அது. நாலு மாதம் கழித்து அதை ஒரு லேஅவுட்காரருக்கு உள்வாடகைக்கு விட்டார்கள். சொத்தில் சாருக்கும் பங்கு உண்டு என்று யாருக்கும் தோன்றவில்லை.

*

சட்டம் வரும்வரை நீங்கள் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. ஒரு கட்டுரையைப் படித்ததும் நாலு கேள்வி கேளுங்கள். இதில் யாராவது முணுமுணுக்கிறார்களா? எழுதியவருக்குப் பெயர் இருக்கிறதா? விலையும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா? கடைசியில் போன் நம்பர் இருக்கிறதா? முதல் மூன்றுக்கு 'இல்லை', நாலாவதுக்கு 'ஆமாம்' என்று வந்தால், பர்ஸை உள்ளே வையுங்கள். மனை என்றால் ரெரா தளத்தில் எண்ணைப் போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. முடிந்தால் உங்கள் ஊர்ச் செய்தித்தளத்துக்கு வருஷத்துக்கு ஒரு சிறு தொகை கொடுங்கள். கொடுத்தால் கேள்வி கேட்கும் உரிமையும் வருகிறது.

சாரின் மூன்று லட்சத்தில் ஒன்று திரும்பியிருக்கிறது. மீதிக்கு நடந்துகொண்டிருக்கிறார்.

2024 அக்டோபரில் சென்னையில் மறுபடி கனமழை. வேளச்சேரி பாலத்தின் மேல் ஜனங்கள் கார்களை வரிசையாக நிறுத்திவிட்டு வந்தார்களே, அந்த வாரம். எங்கள் செய்தித்தளம் ராத்திரி ஒன்பது மணிக்கு ஓர் எச்சரிக்கை போட்டது. எங்கள் தெரு வழியாகத் தண்ணீர் வரலாம், கீழ்த்தளத்து ஆட்கள் சாமான்களை மேலே ஏற்றுங்கள் என்று. நான் ஓடிப்போய் சார் வீட்டுக் கதவைத் தட்டி போனைக் காட்டினேன். அவர் ஸ்கூட்டர் கீழே நின்றிருந்தது.

சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக, கடைசிவரை ஸ்க்ரோல் செய்து பார்த்தார். பிறகு கேட்டார்:

"இது யார் காசு குடுத்துப் போட்டது?"